ஒரு ரவுண்டுதானே!

பால் கேன் இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த சந்தனம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

வண்டி நின்றது. ஆனால் அது அவளுடைய வண்டி மாதிரியே இல்லை. யாரோ விடியுமுன்னே கழுவித் துடைத்திருந்தார்கள். முன்பக்கம் சந்தனம், குங்குமம். ஹேண்டில்பாரில் சம்பங்கி மாலை. எல்லாம் சரி... கேன் மாட்டுகிற இரும்புக் கொக்கிகள் எங்கே? பட்டறைக்காரனிடம் சொல்லிச் செய்து, பக்கத்திலேயே நின்று மாட்டிக்கொண்டு வந்த கொக்கிகள்! அவற்றைக் கழற்றிக் கோழிக்கூட்டுப் பக்கம் எறிந்திருந்தார்கள். ஸ்பேனரும் அங்கேயே கிடந்தது.

“என்னங்க! இங்கன கொஞ்சம் வாங்க!”

அவள் கணவன் நாகராஜ் புதுச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி வந்தான். அன்றைக்கு அவனுடைய தம்பி திலீபனுக்கு நிச்சயம். பெண் வெளியாள் இல்லை. நாகராஜின் அக்கா ஜக்கம்மாவின் மகள் கௌமாரிதான். குலசாமி கோயில் பண்ணைப்புரத்திலேயே இருந்ததால் பாக்கு மாற்றுவதும் இங்கேயே என்று முடிவாகி, ஓடைப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார்கள்.

“கொக்கிய யாரு கழட்டுனது?”

நாகராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் மாலையைப் பார்த்தான். “நான்தான். அதுவந்து... ராத்திரி அக்கா வீட்டு மாமா சொன்னாக. வண்டி இனிமே திலீபன்கிட்ட இருக்கட்டும்னு. அவனும் பழனிசெட்டிபட்டிக்கு வேலைக்குப் போக வர பஸ்ஸுக்கு நின்னு சாகுறான்ல...”

“என் வண்டி! என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உங்களுக்கு?”

“கேக்குற மூஞ்சியா வச்சிருக்க நீ? அக்கா கைய ஒடச்சு உக்கார வச்சிட்டு இன்னும் வண்டி வண்டின்னு அலையிறியே... வெக்கமா இல்ல?”

சந்தனம் கேன்களைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் மூடி அதிர்ந்து குதித்தது. வெட்கமாம்! யாருக்கு யார் வெட்கத்தைச் சொல்லிக்கொடுப்பது?

அந்த வண்டியை அவள் சும்மாவா வாங்கினாள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏலத்தோட்ட வேலை. இருட்டோடு எழுந்து சோறு பொங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஆட்டை அடைப்பது போல ஆளை அடைக்கிற ஜீப்பில் தொத்திக்கொண்டு மலையேற வேண்டும். வளைவுக்கு வளைவு உயிர் போய்த் திரும்பும். இறங்கி வந்தால் இடுப்பு நிமிராது. அப்படிச் சேர்த்த காசையும் தாய் வீட்டுத் தோட்டையும் போட்டு, இரண்டாயிரத்து ஐந்து தை மாசம் தேனியில் போய் எடுத்தாள் அந்தப் புது டி.வி.எஸ். பிப்டியை. தெருவில் மாடு வைத்திருக்கிறவர்களிடம் பாலை வாங்கிக் கோம்பை டீக்கடைகளுக்குப் போட ஆரம்பித்தாள். ஜீப் தொலைந்தது. இடுப்பு நிமிர்ந்தது.

ஆனால் நாகராஜ் வீட்டுச் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குப் புது வண்டி வந்தால் சொந்தத்தில் கேட்கிற எல்லாருக்கும் ஒரு ரவுண்டு கொடுத்தே ஆக வேண்டும். ஒருவர் மனத்தாங்கலோடு போனாலும் வண்டி விளங்காதாம்! ஓட்டத் தெரியுமா என்று கேட்பதே மரியாதைக் குறைச்சல். சைக்கிளைத் தவிர எதையும் தொடாத சித்தப்பா வீரபாண்டி ஒரு ரவுண்டு போனார். வேட்டி சக்கரத்தில் சிக்கி வண்டியோடு குப்பைக்குழியில் கிடந்தார். கண்ணாடி போனது. பிரேக் ஒயர் இழுத்துக்கொண்டது. அடுத்து வந்த ஒருத்தன் இண்டிகேட்டரை உடைத்துக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வண்டி நல்லா ஓடுது என்றான். நாகராஜோ வாசலில் நின்று சாவியை வெற்றிலை பாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பான். அவள் முறைத்தால், “நம்ம சனந்தானே சந்தனம்... ஒரு ரவுண்டுதானே!” என்பான். அவனுக்கென்ன! அவனுக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

அந்த வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் பின் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்துவிட்டு வண்டியை மெதுவாக முன்னால் தள்ளினால் ஸ்டாண்ட் விடும். சைக்கிள் பழகின கைக்கு அது லேசில் வராது. முறுக்கின கையை விடாமலே தள்ளுவார்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி பாயும். பயத்தில் இன்னும் முறுக்குவார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம், நாகராஜ் வீட்டில் இல்லாத நேரம், வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தபோது அதுதான் நடந்தது. நிச்சயம் பேச வந்த ஜக்கம்மா, “பெறந்த பொண்ணு நானு, எனக்கில்லாத ரவுண்டா?” என்று நின்றாள். பிரேக் ஒயர் மாற்றவில்லை, நாளைக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று சந்தனம் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். “நான் தேனியில ஓட்டாத பைக்கா?” என்று திலீபன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவன் தேனியில் பின் சீட்டில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பது யாருக்குத் தெரியும்? அக்காவைப் பின்னால் ஏற்றி, முறுக்கின கையோடு தள்ளினான். பெட்டிக்கடை முக்கில் வண்டி ஒரு பக்கம், ஜக்கம்மா பாலத்துச் சுவரில் ஒரு பக்கம்.

சந்தனம் ஓடிப்போய்த் தூக்கினாள். அந்த வலியிலும் ஜக்கம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஏத்தா சந்தனம்... அவுக பஸ்ஸ விட்டு இறங்கி வந்துக்கிட்டு இருக்காக. திலீபன் ஓட்டுனான்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாக. நீ ஓட்டுனதாச் சொல்லிரு. எம் மக வாழ்க்க உன் கையில...”

ஜக்கம்மாவின் புருஷன் அம்மாவாசி அப்படிப்பட்ட ஆள்தான். அவருடைய கூடப்பிறந்த தம்பி எவனோ விளையாட்டுக்கு ஓட்டின பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய், கம்பம் ரோட்டில் செத்துப்போனவன். வண்டியில் வித்தை காட்டுகிற பயலுக்கு என் வாசப்படி கிடையாது என்று ஊரறியச் சொன்னவர். திலீபன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றான். “மதினி... மதினி...” என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

தாயில்லாத பிள்ளை. டவுசர் போட்ட நாளிலிருந்து அவள் கையால் சோறு தின்றவன். பிள்ளையில்லாத அவளுக்குப் பிள்ளையாக இருந்தவன். சந்தனம் எழுந்து நின்று, வந்துகொண்டிருந்த அம்மாவாசியைப் பார்த்து, “நான்தான் அண்ணே ஓட்டுனேன்...” என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதோடு முடிந்ததா? அவளை வாய்க்கு வாய் “தங்கச்சி” என்று கூப்பிட்ட அம்மாவாசி, அன்றிலிருந்து அவள் கொடுத்த தண்ணீரைக் கூட வாங்கவில்லை. நாகராஜ் தெருவில் வைத்தே, “பொம்பளைக்கு எதுக்குடி வண்டி!” என்று கத்தினான். பால் வாங்கப் போகிற வீட்டிலெல்லாம் அதே பேச்சு. எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அதற்குக் கிடைத்த பரிசுதான் இப்போது மாலை போட்டு நிற்கிறது!

“என்னத்தா காலங்காத்தால சத்தம்?” என்று மாவுக்கட்டுப் போட்ட கையைத் துணியில் தொங்கவிட்டபடி ஜக்கம்மா வந்தாள். திண்டாடுகிற கண், திட்டுகிற வாய். “நல்ல நாளும் அதுவுமா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒடஞ்சது என் கை. நானே ஒண்ணும் சொல்லாம இருக்கேன்...”

சந்தனம் அவளுடைய நல்ல கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“மதினி, நடிப்புக்கும் ஒரு அளவு இருக்கு! எம் மக வாழ்க்கன்னு சொன்னீக. நான் பழியச் சொமந்தேன். தெருவே காறித் துப்புச்சு. இப்ப தள்ளிவிட்டவனுக்கே வண்டியா? இது எந்த ஊரு நியாயம்?”

“மெதுவாப் பேசு, மெதுவாப் பேசு! நிச்சயம் மட்டும் முடியட்டும்டி. அப்புறம் நானே அவுககிட்ட சொல்லிர்றேன்...”

“என் வண்டி?”

ஜக்கம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “மாப்பிள்ளைக்கு வண்டி போடணும்னு அவுகளுக்கும் ஒரு ஆச. வீட்டுலயே இருக்கிறப்ப எதுக்கு வெளிய வாங்கன்னு... நீ என்ன வேத்தாளா? கொஞ்ச நாளைக்குப் பழைய மாதிரி ஜீப்புல போயிக்கிறது...”

“ஜீப்புலயா?”

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில் ஜக்கம்மா இரண்டடி பின்வாங்கிவிட்டாள்.

“உங்க மக வாழ்க்கைக்கு என் பேரக் குடுத்தேன். இப்ப என் இடுப்பையும் கேக்குறீக. நாளைக்கு ஜீப்பு உருண்டு நான் செத்தா அதுக்கும் ‘சந்தனம்தான் ஓட்டுனா’ம்பீகளா? சொல்லுங்க மதினி!”

வாய்விட்டுக் கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அடுப்படி வாசலில் கௌமாரி நின்றாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ. “அத்த, ஏன் அழுகுறீக?” என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் சந்தனத்துக்கு வந்த வார்த்தை உள்ளேயே போனது. “புகை ஆத்தா, புகை...” என்றாள். அடுப்பில் அப்போது நெருப்பே இல்லை.

வாசலில் சனம் கூடிவிட்டது. வீரபாண்டி சித்தப்பா வெற்றிலைத் தட்டோடு முன்னால் நின்றார். ஈரச் சாக்கு போர்த்திய பால் கேன்களை யாரோ நகர்த்தி வெயிலில் வைத்திருந்தார்கள். சந்தனம் வந்து மறுபடி நிழலில் வைத்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவாசி சாவியை எடுத்துத் திலீபன் கையில் கொடுத்தார். “நீ நெதானமான பய. அதனாலதான் நம்பிக் குடுக்குறேன். இந்த வண்டியால என் வீட்டுப் பொம்பள ஒருத்தி கைய ஒடிச்சுக்கிட்டா. ஓட்டத் தெரியாதவுக கையில இருந்த கேடு அது. நீ ஒழுங்கா ஓட்டு.”

திலீபனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. “இருக்கட்டும் மாமா... அப்புறமா...”

“அட, ஒரு ரவுண்டு போயிட்டு வாடா!” என்றான் நாகராஜ். தொடங்கிவிட்டான்!

சந்தனத்தால் பொறுக்க முடியவில்லை. “அண்ணே, வேணாம். தெருவுல பிள்ளைக வெளையாடுதுக. சொன்னாக் கேளுங்க...”

அம்மாவாசி அவள் பக்கம் திரும்பவே இல்லை. “வயித்தெரிச்சல்” என்று யாரோ ஒரு கிழவி எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். நாகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, “உள்ள போ!” என்றான்.

திலீபன் ஏறி உட்கார்ந்தான். பெடலை மிதித்தான். இரண்டாம் மிதிக்கே வண்டி கிளம்பிவிட்டது. பின் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, அவன் கை அன்றைக்கு மாதிரியே முழுசாக முறுக்கிக்கொண்டு நின்றது. புகையும் இரைச்சலுமாகக் கோழிகள் நாலா பக்கமும் ஓடின.

“ஏ கௌமாரி! நீயும் பின்னால ஏறு! சோடியா ஒரு ரவுண்டு!” என்று வீரபாண்டி சித்தப்பா கூவினார். பெண்கள் குலவையிட்டார்கள். கௌமாரி வெட்கத்தோடு சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திலீபன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி வண்டியைத் தள்ளக் குனிந்தான்.

“ஏலே வேணாண்டா!”

அது ஜக்கம்மாவின் குரல். மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். “எம் மகள எறக்கி விடுறா! கைய முறுக்காதடா பாவி! என்னையத் தள்ளிவிட்ட மாதிரி எம் மகளையும் தள்ளிக் கொன்னுறாதடா!”

அவள் கத்தி முடிப்பதற்குள் சந்தனம் பாய்ந்திருந்தாள். ஒரு கையால் கேரியரைப் பின்னால் இழுத்து ஸ்டாண்ட் விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் சாவியைத் திருகி அணைத்தாள். இரைச்சல் நின்றது. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்தது.

ஜக்கம்மா சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

அம்மாவாசி மெதுவாக நடந்து வந்தார். “என்ன சொன்ன? மறுபடி சொல்லு. யாரு தள்ளிவிட்டது?”

ஜக்கம்மா மகளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். “இவந்தான்... இவந்தாங்க ஓட்டுனான். நீங்க பொண்ணு குடுக்க மாட்டீகன்னு நான்தான் சந்தனத்த மாட்டிவிட்டேன். அவ ஒத்தச் சொல்லு மறுத்துப் பேசலங்க... எனக்காகப் பழியச் சொமந்தாங்க... நான் பாவி, அவ வண்டியவும் புடுங்கிக் குடுத்தேனே!”

நாகராஜ் அவள் பக்கத்தில் வந்தான். “சந்தனம்... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல...”

அவ்வளவுதான்! இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது உடைந்துவிட்டது.

“உங்ககிட்டயா? கேட்டீகளா நீங்க? ‘உனக்கு அடி பட்டுச்சா’ன்னு ஒரு வார்த்த கேட்டீகளா? நான் ஓட்டி ஒருத்தர் விழுவாகளான்னு யோசிச்சீகளா? தெனம் பால் தளும்பாமக் கொண்டு போறவ நானு! கூடவே குடியிருந்து கொக்கியக் கழட்டி எறிஞ்சீகளே... அது என் கையக் கழட்டுன மாதிரிங்க! வந்தவுக போனவுகளுக்கெல்லாம் சாவியத் தூக்கிக் குடுத்து நல்ல பேரு வாங்குனது நீங்க. கெட்ட பேரு வாங்குனது நானு!”

நாகராஜ் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். திலீபன் வண்டியை விட்டு இறங்கி அவள் காலில் விழுந்தான். “மதினி... என்னைய மன்னிச்சிருங்க மதினி...”

“எந்திரிடா. கால்ல விழுறது பெரிய காரியமா? தெருவுல வச்சு எனக்குப் பேரு கெட்டுச்சு. தெருவுல நின்னு சொல்லு!”

அவன் எழுந்து நின்றான். அன்றைக்கு ஓட்டினது நான்தான், மதினி இல்லை, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது என்று சொன்னான். கேட்கவில்லை என்று சந்தனம் சொன்னதும் மறுபடி உரக்கச் சொன்னான். முணுமுணுத்த கிழவி பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

அம்மாவாசி கோழிக்கூட்டுப் பக்கம் போனார். குனிந்து கொக்கிகளையும் ஸ்பேனரையும் எடுத்து வந்து, பட்டு வேட்டியோடு வண்டியின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து மாட்டப் பார்த்தார். தலைகீழாக வைத்து முடுக்கினார்.

“குடுங்க அண்ணே. நான் மாட்டிக்கிறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “தங்கச்சி... உன் கையால தண்ணி வாங்கக் கூடாதுன்னு இருந்தேனே ஆத்தா. நீயே ஒரு முடிவு சொல்லு. இந்தப் பயலுக்கு எம் பொண்ணக் குடுக்கவா, வேணாமா? நீ சொன்னா நான் மாத்திப் பேச மாட்டேன்.”

ஒரு வார்த்தை போதும், பட்டதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாம். சந்தனம் கொக்கியின் நட்டை இறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அவ என்ன வண்டியா அண்ணே, ஆளாளுக்குக் கேட்டுத் தூக்கிக் குடுக்க? அவகிட்டக் கேளுங்க.”

எல்லாரும் கௌமாரியைப் பார்த்தார்கள். அவள் தலைப்பூவைச் சரி செய்துகொண்டு, அழுத கண்ணோடு திலீபனை நேராகப் பார்த்தாள். “எனக்கு மாமாவத்தான் பிடிச்சிருக்கு. ஆனா இன்னைக்குப் பாக்கு மாத்த வேணாம். பயந்தாப் பொய் சொல்லாம இருக்க மொதல்ல பழகட்டும். வண்டியும் அத்தகிட்டயே பழகட்டும். அத்த சரின்னு சொன்ன அன்னைக்கு மாத்திக்கிருவோம்.”

“அது பேச்சு!” என்றார் அம்மாவாசி.

ஜக்கம்மா ஒற்றைக் கையால் சந்தனத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தனம் விலக்கவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. “கட்டுல அழுத்திரும், தள்ளி நில்லுங்க மதினி” என்றாள். அவளால் அப்போது முடிந்தது அவ்வளவுதான்.

கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நல்லவேளை, பால் கெடவில்லை. இரண்டையும் கொக்கியில் மாட்டினாள். மாலையைக் கழற்றி வீரபாண்டி சித்தப்பாவின் கையில் கொடுத்தாள். ஸ்டாண்டில் பெடலை மிதித்து, கையைத் தளர்த்தி, மெதுவாகத் தள்ளினாள். பால் துளி கூடத் தளும்பவில்லை.

“சந்தனம்... நானும் பின்னால வரவா?” என்று நாகராஜ் ஓடிவந்தான்.

“எடமில்ல. பால் இருக்கு.”

வண்டி போயே போய்விட்டது.

பெட்டிக்கடை முக்கு தாண்டிப் பாலத்துச் சுவர் வந்ததும்தான் அவளுக்குக் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரங்கட்டி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அழுகிறபோதும் கோபம்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறப் போனபோது பின்னால் காலடி கேட்டது.

நாகராஜ்! செருப்பில்லை. புதுச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க, கையை நீட்டினான். அவசரத்தில் அவள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்த, பால் அளக்கிற லிட்டர் குவளை.

“இது இல்லாம... எப்பிடி ஊத்துவ...”

அவள் வாங்கிக் கேனில் மாட்டினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெந்த தாரில் ஓடிவந்த கால் சிவந்துபோயிருந்தது.

“ஏறுங்க” என்றாள் கடுகடுவென்று. “கேனுக்கு இந்தப் பக்கமா ஒடுங்கி உக்காருங்க. கால ரெண்டையும் தூக்கி வைங்க, தொங்கப் போடாதீக.”

அவன் ஒடுங்கி உட்கார்ந்தான். கோம்பை ரோட்டில் வண்டி கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னான்: “சந்தனம், இனிமே யாரு வந்து கேட்டாலும் சாவியக் குடுக்க மாட்டேன். சத்தியமா.”

“எப்பிடிக் குடுப்பீக?” என்றாள் அவள், திரும்பாமலே. “சாவி இனிமே என் தாலிக்கொடியிலதானே கெடக்கும்!”